சிலேட்டைத் தூக்கு!

மாத்தளை டவுனிலிருந்து தம்புள்ளை வீதியில் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. வாயால் ஓதி ஓதியே காத்துவந்த திரிபிடகத்தைப் பிக்குகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதிவைத்த இடம். பஞ்சமும் படையெடுப்பும் சேர்ந்து வந்த காலம் அது. ஓதுகிறவர்கள் செத்துப்போனால் ஓதுவதும் போய்விடும் என்ற பயந்தான் அவர்களை எழுத்தாணியை எடுக்க வைத்தது. இன்றும் அங்கே ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். கீறிய கையோடு பார்த்தால் ஓலை வெறுமையாகத்தான் இருக்கும். கரி கலந்த எண்ணெயைப் பூசித் துடைத்த பிறகுதான் எழுத்து கறுத்து எழும்பும். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனபோது அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நான் ஆசிரியராக முப்பத்தேழு வருடம் கீறியிருக்கிறேன். எத்தனை ஓலையைத் துடைத்துப் பார்த்தேன்?

நான் படித்தது இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில், 1950களின் கடைசியில். ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. அவரிடம் ஒரு கரும்பலகையும் ஒரு பிரம்பும். எங்களிடம் ஆளுக்கொரு சிலேட்டு, ஒரு கல்லுப் பென்சில், அழிப்பதற்கு எச்சில். கணக்கைச் சொல்லிவிட்டு மற்ற வகுப்பைக் கவனிக்கப் போவார். திரும்பி வந்ததும், "சிலேட்டைத் தூக்கு!" அத்தனை சிலேட்டும் ஒன்றாக எழும்பும். கண்ணை ஒரு சுற்று ஓட்டுவார். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, யார் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதினான் என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு பிரம்பும் வரும். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை.

1970களில் நான் ஆசிரியராகப் போனபோது தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்தது. சிலேட்டு போய்க் கொப்பி வந்தது. 1980இல் இலவசப் பாடநூலும் வந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் கொப்பி தூக்கிக் காட்டுகிற சாமான் இல்லை. கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திக் கொடுப்பதற்குள் பாடம் நாலு பக்கம் தாண்டியிருக்கும். அதனால் நாங்கள் எல்லோருமே ஒரு குறுக்கு வழியைப் பிடித்துக்கொண்டோம்.

"விளங்கிச்சா?"

"விளங்கிச்சு சேர்!"

அந்தக் கோரஸ் கேட்க இனிமையாக இருக்கும். மணியும் அடித்துவிடும்.

என்னிடம் படித்து இப்போது மலைப் பள்ளி ஒன்றில் கணிதம் படிப்பிக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளைப் பூட்டியபோது அவள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நேத்ரா தொலைக்காட்சியில் பாடம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடம், எல்லாமே இருந்தது. ஆனால் தோட்ட லயத்தில் பல வீடுகளுக்கு இருந்தது ஒரே போன். அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் கொழும்பில் இருந்தது. கொஞ்ச நாள் சூம் வைத்துப் பார்த்தாள். ஐந்தாறு முகம் தெரியும், அதில் இரண்டு உறைந்து நிற்கும். பிறகு அதை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினாள். டேட்டா அதிகம் தின்னாது. எப்போது போன் வீட்டுக்கு வருகிறதோ அப்போது போட்டுக் கேட்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாத தாயும் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பிள்ளையோடு உட்கார்ந்து கேட்கலாம். சூமுக்கு வராத பிள்ளைகள் இதற்குப் பதில் அனுப்பினார்கள்.

இதற்கு நேர்மாறாக வேறொரு இடத்தில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பெரிய திறப்பு விழா வைத்து ஒரு ஸ்மார்ட் போர்ட் பூட்டினார்கள். நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். பழுதானால் திருத்துவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கடைசியாகப் பார்த்தபோது அதற்குச் சேலைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். தூசி படாமல் பத்திரமாக இருக்கிறது.

என்னிடம் படித்த அந்தப் பிள்ளையின் பழைய மடிக்கணினியில் இருப்பவை எனக்குப் பிடித்திருந்தன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் என்ற அறிவியல் விளையாட்டுகள் தமிழிலும் இருக்கின்றன. ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலே ஓடும். மின்கலம், வயர், குமிழ் என்று பிள்ளைகளே தொடுத்துப் பார்க்கலாம், ஷொக் அடிக்காது. நாங்கள் படித்த பள்ளியில் குமிழே இல்லை, மின்சாரமும் இல்லை. வினாத்தாளை யூனிகோடில் அடிக்கிறாள், அதற்கே ஒரு கும்பிடு போடலாம். பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பி, மறுபக்கத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்து, பரீட்சைக்கு முதல்நாள் இரவு அழுத ஆசிரியர்களை எனக்குத் தெரியும். கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணம் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட 2022இல், ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வகுப்பு முழுவதிடமும் பதில் வாங்க ஒரு வழி தேடினாள். அப்படித்தான் ஒருவகை அட்டைகளிடம் போய்ச் சேர்ந்தாள்.

பிளிக்கர்ஸ் என்று பெயர். ஆளுக்கொரு கடதாசி அட்டை, நடுவில் கறுப்புக் கட்டங்களாக ஒரு வடிவம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வடிவம் வேறு, இலக்கம் வேறு. நாலு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எது விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். டீச்சர் தன் போன் கமராவை வகுப்புக்கு நேரே ஒரு சுற்று ஓட்டினால், சரியாகச் சொன்ன பெயர் பச்சை, பிழையாகச் சொன்ன பெயர் சிவப்பு. பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம். ஒவ்வொரு அட்டையும் ஒவ்வொரு மாதிரி என்பதால் பார்த்தடிக்கவும் வழியில்லை. அட்டைக்குப் பளபளக்கிற உறை போட்டால் வெளிச்சம் பட்டுக் கமராவுக்குத் தெரியாது. விரல் கட்டத்தை மறைத்தாலும் தெரியாது. இவை அவள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

அவள் வகுப்பில் அதைப் பார்த்தபோது எனக்கு விளங்க அரை நிமிடம் போதுமாயிருந்தது. இது எங்கள் சிலேட்டு. பிரம்பு இல்லாமல் வந்திருக்கிறது.

"சேர், இன்னைக்கி நீங்களே எடுங்களேன்" என்று தரம் ஆறை என்னிடம் விட்டாள். பின்னம். எனக்குக் கைவந்த பாடம். கரும்பலகையில் வட்டம் போட்டேன், கோடு பிரித்தேன், கதை சொன்னேன். "விளங்கிச்சா?" கூரை அதிர்ந்தது. அவள் சிரித்துக்கொண்டே கேள்வியை எழுதினாள். பெரியது எது: ஏ மூன்றில் ஒன்று, பி நான்கில் ஒன்று, சி இரண்டும் சமம். இருபத்தாறு அட்டைகள் எழும்பின. பச்சை ஒன்பது.

"நாலு மூணை விடப் பெரிசுதானே சேர்" என்றான் ஒருவன், எனக்காக இரங்குவது போல.

ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தேழு வருடக் கோரஸ் காதில் கேட்டது. அதில் எத்தனை குரல் என் மனம் நோகக்கூடாதென்று சொன்ன குரல்?

பிறகு ரொட்டியை எடுத்தேன், கரும்பலகையில்தான். ஒரு ரொட்டியை மூன்று பேர் பங்குபோட்டால் உனக்கு எவ்வளவு, பசியோடு இன்னொருத்தன் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு? லயத்தில் வளர்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மறுபடி தூக்கச் சொன்னோம். பச்சை இருபத்தொன்று.

அப்போதுதான் கடைசி வாங்கிலிருந்து ஒருவன் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே கேட்டான்: "சேர், தெரியாட்டி எந்தப் பக்கத்தப் புடிக்கிறது?"

அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். டி பக்கம் சும்மாதான் கிடந்தது. சுண்ணக்கட்டியை எடுத்து, சமம் என்பதற்குக் கீழே அவள் எழுதினாள்: டி, எனக்கு இன்னும் விளங்கல்ல.

அடுத்த கேள்விக்கு ஏழு டி எழும்பியது. அதில் ஒன்று முன் வாங்கில், தவணைக்குத் தவணை முதலாம் பிள்ளையாக வருகிறவளின் கையில்.