விலைச்சீட்டில் எழுதப்படாத கணக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ் பெரியநீலாவணையைத் தாண்டினால் மருதமுனை. பிரதான வீதியில் கைத்தறிப் புடவைக் கடைகள். ஒழுங்கைக்குள் இறங்கினால் தறிச் சத்தம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இந்த ஊரில் அந்தக் கடல் மனிதரோடு தறிகளையும் கொண்டுபோனது.

நான் போன வீடும் அப்படித் தறியை இழந்து, மீண்டும் தொடங்கிய வீடுதான். கணவர் சாறன் நெய்கிறார். ராத்தா சுபஹுத் தொழுகை முடிந்ததும் இராட்டையில் நூல் சுற்ற உட்காருகிறார். பிறகு சமையல், பிள்ளைகள், மறுபடியும் நூல்.

“இந்த வேலைக்கு எவ்வளவு கணக்கு வைப்பீர்கள் ராத்தா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இது ஊட்டுக்குள்ள இருந்து செய்யிற வேலதானே மகள். இதுக்கு என்ன கணக்கு?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருடங்களுக்கு முன் சுயதொழில் உதவிக்காக இதேபோன்ற குடும்பமொன்றின் படிவத்தை நிரப்பியவள் நான். உற்பத்திச் செலவு என்ற இடத்தில் நூல், சாயம், நெசவுக் கூலி, போக்குவரத்து என நான்கு வரிகள் எழுதினேன். நூல் சுற்றிய பெண்ணுக்கு ஒரு வரியும் இல்லை. சமூகவியல் படித்த எனக்கே அது வேலையாகத் தெரியவில்லை.

இன்னொரு செலவும் விடுபட்டிருந்தது. சாயம் தோய்த்த நீரை வளவில் ஊற்றினால் அது மணலுக்குள் இறங்கும். அதே மணலின் கீழ்தான் கிணற்று நீரும் இருக்கிறது.

பகல் ஒலுவிலுக்குப் புறப்பட்டேன். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒரே வீதியில் கோத்தபடி வருகின்றன. ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனுதவியுடன் 2008 இல் கட்டத் தொடங்கப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. இந்தக் கரையோரத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. துறைமுக வாயிலில் மணல் குவிந்து படகுகள் போய்வர முடியாமற் போனது. வடக்கே மணல் வராத கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் சாய்ந்தன. கரைவலை இழுக்க நீண்ட மணற்கரை வேண்டும். கரை போனால் வலை இழுப்பவரின் தொழில் போகிறது; கருவாடு காயவைக்கும் பெண்ணின் இடமும் போகிறது. துறைமுகத்தின் செலவுக் கணக்கில் இந்தப் பெண் எந்த வரியில் இருந்தாள்?

சகோதரிகளே, ஒரு பொருளின் விலையில் சேராத செலவு இல்லாமற் போவதில்லை. அதை வேறொருவர் கட்டுகிறார். பெரும்பாலும் அவர் ஏழை. பல வேளைகளில் பெண். 1992 ஆம் ஆண்டின் ரியோ பிரகடனத்தில் 16 ஆவது கோட்பாடு, சூழலை மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் அது வெறும் பேச்சு அல்ல. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. மின்சாரத்தின் விலையில் அதுவரை அந்தக் கிணறுகள் இருக்கவில்லை.

மாலையில் மீண்டும் மருதமுனைக்கு வந்தேன். ராத்தா கொப்பியில் குறித்து வைத்திருந்தார். அன்று மட்டும் நூல் சுற்றியது மூன்றரை மணித்தியாலம்.

“விலையக் கூட்டினா கடைக்காரர் எடுப்பாரா மகள்? மிசின் சாறன் மலிவாக் கிடக்குதே” என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. நாளைக்கே விலை கூடிவிடாது. ஆனால் தன் உழைப்பின் அளவு தெரிந்தவள், எவ்வளவை விட்டுக்கொடுக்கிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுவாள். பத்துப் பேர் ஒரே கணக்கோடு சேர்ந்து கடைக்குப் போனால், ஒருத்தியிடம் விலையைக் குறைப்பதுபோல அவர்களிடம் குறைப்பது இலகுவல்ல.

தையலோ, பாயோ, இடியப்பமோ, நீங்கள் எதை விற்றாலும் ஒரு வாரம் கொப்பியில் எழுதிப் பாருங்கள். வாங்கிய பொருளுக்கு எவ்வளவு? என் நேரம் எவ்வளவு? கிணற்றுக்கும் மண்ணுக்கும் என்ன ஆகிறது? வாங்கும் பக்கத்தில் நிற்கும்போதும் இதையே நினையுங்கள். நாம் பேரம் பேசிக் குறைப்பது பல நேரம் இன்னொரு பெண்ணின் கூலி.

நான் புறப்படும்போது ராத்தா வாசல்வரை வந்தார். “அடுத்தமுற படிவம் நிரப்பக்குள்ள என்ட வேலைக்கும் ஒரு வரி போடுங்க” என்றார்.

இப்போது என் படிவத்தில் ஆறு வரிகள் இருக்கின்றன.