மருந்துச் சீட்டும் பயண ஆவணம்தான்

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு நோய் வந்தால் மாநில வித்தியாசம் மறந்துபோகும். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களுக்கு நெஞ்சுவலி என்றால் கோயம்புத்தூர். இடுக்கியில் குமுளிக்காரர்களுக்குக் கம்பம். நோய் முற்றினால் தேனி. 2020-இன் கொரோனா மாதங்களை விட்டுவிட்டால், வேலந்தாவளத்தில் லாரியை நிறுத்தியிருக்கிறார்களே தவிர, நோயாளியை நிறுத்தியதில்லை. இப்படிப் பழகிவிட்ட எங்களுக்கு, விசாவுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டு என்பதே பிள்ளைகள் வெளிநாடு போன பிறகுதான் தெரிந்தது.

என் மகள் கனடாவில், டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வேண்டும் என்றாள். அதற்காக என் மனைவிக்கு 'சூப்பர் விசா' வாங்க ஏற்பாடு நடந்தது. அங்கே குடியேறியவர்களின் பெற்றோருக்காகவும் தாத்தா பாட்டிக்காகவும் கனடா அரசு 2011 டிசம்பரில் கொண்டுவந்த விசா அது. முதலில் இரண்டு ஆண்டுகள் என்றிருந்தது. இப்போது ஒரே பயணத்தில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அரசு மருத்துவத் திட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. குறைந்தது ஓராண்டுக்கு, ஒரு லட்சம் கனடிய டாலருக்குக் குறையாத தனியார் காப்பீடு காட்ட வேண்டும். சிகிச்சைச் செலவோடு, தேவைப்பட்டால் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும் என் மனைவி, "போறதுக்கு முன்னாடியே திரும்பி வர்றதுக்குப் பணம் கட்டறாங்களா?" என்றாள்.

பணம் கட்டுவது மகளின் பொறுப்பு என்பதால் பாலிசியை அவள்தான் படித்தாள். அதில் ஒரு வாசகம் அவளை நிறுத்தியது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற பழைய வியாதிகள் காப்பீடு தொடங்கும் முன் குறிப்பிட்ட காலம் 'நிலையாக' இருந்திருக்க வேண்டும். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவள் பார்த்த பாலிசியில் 180 நாட்கள். நிலை என்றால் நோய் கூடாமல் இருப்பது மட்டுமல்ல. புது மருந்து சேர்த்தாலும், அளவைக் கூட்டினாலும், பல பாலிசிகளில் குறைத்தாலும்கூட, அது நிலை மாறியதாகவே கணக்கு. அதன்பின் அந்த வியாதியால் வரும் செலவுக்குப் பணம் கிடைக்காது.

இது தெரிந்திருந்த நேரத்தில்தான், ஆவணி மாதம், கோவை டாக்டர் என் மனைவியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்றார். பிரசவம் கார்த்திகையில். 180 நாட்கள் முடிவதோ மாசியில்.

என் மனைவி டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள்: "மாத்திரையைக் குடுங்க டாக்டர். சீட்டுல மட்டும் பழைய அளவையே எழுதிருங்க."

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு அங்க மயங்கி விழுந்தீங்கன்னா, அந்த ஊர் டாக்டர் எந்தச் சீட்டைப் பார்த்தும்மா வைத்தியம் பண்ணுவார்?" என்று கேட்டுவிட்டுப் புது அளவையே எழுதினார்.

வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. மகள் தேடிப் பார்த்ததில், நிலைக்காலம் குறைவான பாலிசிகளும் இருந்தன. பிரீமியம் அவள் சக்திக்கு மீறியது. இருதயச் செலவுக்குக் காப்பீடு இல்லாமலே வந்துவிடுகிறேன் என்றாள் அம்மா. வேண்டாம் என்றாள் மகள். பேத்தி கார்த்திகையில் பிறந்தாள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்தான் பத்தியச் சமையல் செய்து கொடுத்தார். என் மனைவி மாசி கடைசியில் போய்ச் சேர்ந்தபோது குழந்தை குப்புற விழத் தொடங்கியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு அவளுக்கு மூச்சுத் திணறல் வந்து மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டது, முந்தைய ஓராண்டின் மருந்துச் சீட்டுகளை. ஆவணி மாதச் சீட்டின் தேதியை எண்ணிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தது. மறைத்தது தெரிந்தால் பாலிசியையே செல்லாததாக்க இடமுண்டு.

நாட்டுக்கு நாடு கதை வேறு. குமுளியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மருமகள் இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை நர்ஸ். மாமியார் அங்கே போக விசாவுக்குக் காப்பீடு கேட்கவில்லை. ஆனால் பார்வையாளராக வருபவரை வார்டில் சேர்த்தால், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிப்பார்கள். அவசரப் பிரிவில் பார்ப்பது மட்டும் இலவசம். ஊரார் நோயெல்லாம் பார்க்கும் மருமகள், தன் மாமியாருக்குக் காப்பீடு எடுத்த பிறகே டிக்கெட் வாங்கினாள்.

பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர், விசா கிடைத்ததா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. என் பழைய வியாதிக்குப் பணம் தருவார்களா, எத்தனை நாள் நிலைக்காலம், முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். பரிசோதனைக்குப் போவதானால் பயணத்துக்கு ஆறேழு மாதம் முன்பே போவது நல்லது. அதற்காகத் தேவையான மருந்தைத் தள்ளிப்போடுவது காப்பீடு அல்ல, தற்கொலை.

இன்னொன்று: இங்குள்ள பாலிசியைக் கைவிடாதீர்கள். அது பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பதால், வெளிநாட்டில் இருக்கும்போது வீண் செலவாகத் தோன்றும். 2024 ஏப்ரல் முதல் அமலான விதிகளில் பழைய வியாதிகளுக்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைந்தது. காலாவதியாக விட்டுவிட்டால், அந்த மூன்று ஆண்டுகளை எழுபது வயதில் மறுபடி எண்ண வேண்டிவரும்.

தாலியையும் பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைக்கத் தெரிந்த நம் பெண்கள், மருந்துச் சீட்டை மளிகைக் கணக்கு எழுதத்தான் பயன்படுத்துகிறார்கள். என் மனைவி இப்போது சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பாஸ்போர்ட் இருக்கும் அதே பையில் வைத்திருக்கிறாள்.