நின்று நெய்தவர்கள்

நெசவையே ஜீவனமாகக் கொண்ட ஒருவன் கிரேக்க புராணங்களைப் படிக்கத் தொடங்கினால், அவன் கண்கள் வீரர்களின் வாளிலும் கேடயத்திலும் தங்குவதைக் காட்டிலும் அந்தப்புரத்துத் தறிகளிலேயே அதிகம் தங்கிவிடும் என்பது என் அனுபவம். அரசியானாலும் அடிமையானாலும், தேவதையானாலும் சூனியக்காரியானாலும், அக்கதைகளில் வரும் ஸ்திரீகள் பெரும்பாலும் நூலோடு சம்பந்தப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். தனித் தீவுகளில் வாழும் கலிப்ஸோவும் கிர்க்கேயும் பாடிக்கொண்டே நெய்கிறார்கள். மனிதரின் ஆயுளையோ, விதி தேவதைகள் மூவருள் க்ளோதோ நூற்கிறாள், லாகெஸிஸ் அளக்கிறாள், அட்ரொபோஸ் அறுக்கிறாள். 'இலியத்'தில் டிராய் வீரன் ஹெக்டர் தன் மனைவியிடம் போர் ஆடவர் காரியம் என்றும், 'ஒதிஸி'யில் இளைஞன் தெலமாக்கஸ் தன்னைப் பெற்றவளிடமே பேச்சு ஆடவர் காரியம் என்றும் கூறி, போய் உன் தறியைப் பார் என்று ஏறக்குறைய ஒரே வாய்பாடாக அனுப்பிவைக்கிறார்கள். அனுப்பிய பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை அந்தப் புலவர்கள் பாதிதான் பார்த்தார்கள் என்பது, தறியருகே வாழ்ந்து பழகிய என்னுடைய அபிப்பிராயம்.

நாங்கள் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறோம். அவர்களோ நின்று நெய்தவர்கள். சுவரில் சாய்த்து நிறுத்திய இரு கால்களின் மேல் ஒரு குறுக்குமரம். அதிலிருந்து பாவு நூல்கள் தரையை நோக்கித் தொங்கும். அவை தொய்யாதிருக்க நுனிகளில் சுட்ட மண் குண்டுகளைக் கட்டியிருப்பார்கள். ஊடையை மேல்நோக்கித் தட்டி நெருக்குவதால் துணி மேலிருந்து கீழாக வளரும். கி.மு. 550-530 காலத்தைச் சேர்ந்ததும், அமாஸிஸ் ஓவியர் எனப்படுபவர் தீட்டியதாகக் கருதப்படுவதும், ஒரு சாண் உயரம்கூட இல்லாததுமான எண்ணெய்க் குப்பி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. அதில் இரு பெண்கள் தறியின் முன் நிற்க, மற்றவர்கள் கம்பளியை எடை போடுவதும், நூற்பதும், நெய்த துணியை மடிப்பதுமாக இருக்கிறார்கள். ஒரு துணிக்கு எத்தனை பேருடைய கைகள் வேண்டும் என்பதை எந்தக் காவியத்தையும்விட அந்தச் சிறு குப்பி எனக்குத் தெளிவாகச் சொல்லிற்று.

டிராய் நகரத்து ஹெலன், தன் நிமித்தம் நடக்கும் யுத்தத்தையே கருஞ்சிவப்புத் துணியொன்றில் உருவங்களாக நெய்துகொண்டிருந்தாள் என்கிறார் ஹோமர். உருவம் நெய்கிறவனுக்கு முடிவு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்று கணக்கிட்ட பிறகே ஊடை உள்ளே போகும். எவன் வெல்வான், தான் எவன் வீட்டுக்குப் போவோம் என்பதே தெரியாத நிலையில் அவள் நெய்தாள் என்பதை எண்ணும்போது, பேரழகி என்ற ஒரே அடைமொழியோடு அவளை நிறுத்திக்கொள்வது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரமாக்கியோ கணவன் மாண்டது அறியாமல் பூவேலை நெய்துகொண்டிருக்கிறாள். அழுகுரல் கேட்டு நாடா கை நழுவுகிறது. பிறகு, பெண்கள் கையால் ஆன அவனுடைய ஆடைகளையெல்லாம் எரித்துவிடப்போவதாகப் புலம்புகிறாள். நெய்தவர்களுக்கே அந்த இடத்தின் முழுக் கனமும் விளங்கும்.

நாவறுக்கப்பட்ட பிலோமெலா தனக்கு நேர்ந்த கொடுமையைத் துணியில் நெய்து சகோதரிக்கு அனுப்பியது பலரும் அறிந்த கதை. எனக்கு அதைவிட நெருக்கமானது, ரோமானியக் கவி ஓவிட் விரித்துப் பாடிய அரக்னேயின் கதை. அவள் லிடியா தேசத்தவள், சாயக்காரன் மகள், குலப்பெருமை ஏதுமற்றவள். அவளோடு நெசவுப் போட்டியில் இறங்கிய அதீனா தேவி தெய்வங்களின் மகிமையை நெய்ய, இவளோ தெய்வங்கள் காளையாகவும் அன்னமாகவும் பொன்மழையாகவும் வந்து பெண்களை வஞ்சித்ததை நெய்தாள். அந்த நெசவில் எந்தப் பழுதையும் காணமுடியாத தேவி துணியைக் கிழித்து, நாடாவாலேயே அவள் நெற்றியில் அடித்தாள். பழுது கண்டுபிடித்துக் கூலியைக் குறைப்பவர்களை எங்கள் தொழிலில் நிறையவே பார்த்திருக்கிறேன். பழுது இல்லாத குற்றத்துக்காகத் துணியைக் கிழித்தவரை இந்தக் கதையில்தான் பார்த்தேன்.

இனி, போருக்குப் போய்த் திரும்பாத ஒடிஸியஸின் மனைவியும் தெலமாக்கஸின் தாயுமான பெனலோபி. மாமனார் லயேர்ட்டஸுக்குச் சாவுத்துணி நெய்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் பிரித்து, 3 ஆண்டுகள் அவள் காலம் கடத்தியதை 'ஒதிஸி' 3 இடங்களில் சொல்கிறது. கம்பளி நூலைச் சிலமுறை பிரித்தாலே முறுக்கு தளர்ந்து பிசிர் கிளம்பிவிடும். அவளை மணக்க வந்து அந்த வீட்டில் உண்டு குடித்துக்கொண்டிருந்த 108 பேரில் ஒருவனாவது துணியைத் தொட்டுப் பார்த்திருந்தால் ரகசியம் அன்றே வெளிப்பட்டிருக்கும். ஆனால் அவர்கள் தறியைப் பெண்ணுக்குரிய இடமாகப் பார்த்தார்களேயன்றி, அதில் நடக்கும் வேலையைப் பார்க்கவில்லை. நான்காம் ஆண்டில் காட்டிக்கொடுத்தவள் ஒரு பணிப்பெண். அதில் எனக்கு வியப்பில்லை. எங்கள் வீட்டில் நாடா ஓட்டுகிறவன் நானென்றாலும், இன்று ஊடை நூல் எத்தனை தார் செலவாயிற்று என்பது தார் சுற்றித் தரும் பெண்களுக்கே முதலில் தெரியும். நாள் முழுவதும் தறி ஓடியும் புது நூல் கேட்கப்படவில்லையென்றால், அதற்குக் காரணம் என்ன என்று அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. எஜமானியின் சாமர்த்தியம் அப்பெண்களின் மௌனத்தின் மேலேயே நின்றது. 3 ஆண்டுகள் அத்தனை பேரும் அந்த மௌனத்தைக் காத்தார்கள் என்பதைக் காவியம் பாராட்டிச் சொல்வதில்லை.

ஒடிஸியஸ் திரும்பிவந்து பகைவரைக் கொன்ற பின், அந்த வீட்டில் தாங்கள் கம்பளி சிக்கெடுக்கக் கற்றுக்கொடுத்த பெண்கள் 50 பேர் என்றும், அவர்களுள் 12 பேர் நெறி தவறினார்கள் என்றும் கிழச் செவிலி யூரிக்ளியா கணக்குச் சொல்கிறாள். பிணங்களைச் சுமந்து அகற்றவும் கூடத்தைக் கழுவவும் செய்வித்த பிறகு, அந்த 12 பேரையும் கப்பல் கயிற்றில் தூக்கிலிட்டவன், தாயைத் தறிக்குப் போகச் சொன்ன அதே தெலமாக்கஸ். காட்டிக்கொடுத்தவள் அவர்களில் இருந்தாளா என்ற விவரம் இல்லை. அந்த வீட்டு நூற்பு வேலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஒரே நாளில் போயிற்றே என்றுதான் என் தொழில்புத்தி முதலில் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைக்கூட அங்கே எவரும் போடவில்லை.