137 வாக்குகள்

மேற்கு மாம்பலம்,
20 நவம்பர் 2025

அன்புள்ள காயத்ரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஹெண்டன் தொகுதியில் போன ஆண்டு ஜூலையில் தொழிற்கட்சி வேட்பாளர் 15 வாக்குகளில் ஜெயித்ததையும், காமன்வெல்த் நாட்டுக் குடிமகள் என்ற முறையில் நீயும் அதில் வாக்களித்ததையும் எழுதியிருந்தாய். இதே ஹெண்டன் 2010இல் 106 வாக்குகளில் கைமாறியதை நானும் படித்திருக்கிறேன். "நம்ம ஊர்ல இப்படி நடக்குமா அத்தை?" என்று கேட்டிருக்கிறாயே, நம் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கிறது.

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் மிகக் குறைந்த வித்தியாசம் நம் தியாகராய நகரில்தான். தி.மு.க.வின் ஜெ. கருணாநிதிக்கு 56,035 வாக்குகள். அ.தி.மு.க.வின் சத்தியநாராயணனுக்கு 55,898. வித்தியாசம் 137. பதிவானவை ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் என்பதால் இது ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒரு வாக்கு. வாக்கு எண்ணிய அன்று மே 2, கொரோனா இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. உன் மாமா இரவு வெகுநேரம் தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை. மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370, காட்பாடியில் துரைமுருகனே 746இல்தான் தப்பித்தார். அத்தனைக்கும் கீழே நம் தொகுதி.

இதை எல்லோரும் இரண்டு கட்சிகளின் மல்லுக்கட்டாகவே பேசினார்கள். எனக்கு அது போதவில்லை. 2016இல் சத்தியநாராயணன் 53 ஆயிரத்துச் சொச்சம் வாங்கி 3,155 வாக்குகளில் ஜெயித்தார். அப்போது பா.ஜ.க. தனியாக நின்றது. எச். ராஜா மூன்றாவதாக வந்தார். 2021இல் பா.ஜ.க. அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது. இரண்டு கட்சி வாக்கும் அப்படியே சேர்ந்திருந்தால் அ.தி.மு.க.வை அசைத்திருக்கவே முடியாது. ஆனால் அ.தி.மு.க.வுக்குக் கூடியது மூவாயிரத்துக்கும் குறைவு. மற்றவர்கள் எங்கே போனார்கள்? சிலர் தி.மு.க.வுக்குப் போயிருப்பார்கள். சில ஆயிரம் பேர் மக்கள் நீதி மய்யத்தின் பழ. கருப்பையாவுக்குப் போட்டார்கள். வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்களும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. மாநிலம் முழுக்க நூற்றுக்கு 72 பேருக்கு மேல் வாக்களித்த தேர்தலில் சென்னை 60ஐத் தொடவில்லை. நம் தொகுதியில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வரவில்லை. 137இல் முடிவான இடத்தில் ஒரு லட்சம் பேர்! இதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறுவதில்லை.

இந்தப் பேட்டையே அரசியலில் பிறந்தது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து நகராக்கியவர்கள் நீதிக் கட்சிக்காரர்கள். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்ததும் தேடி வந்த முதல்வர் பதவியை வேண்டாமென்ற பிட்டி தியாகராயர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். பனகல் பூங்கா, உஸ்மான் ரோடு, நாயர் ரோடு, நடேசன் பூங்கா எல்லாமே அந்தக் கட்சித் தலைவர்கள் பெயர்தான். புடவை வாங்கப் போகும்போது இதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது! 1967இல் ம.பொ.சி. உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்ததும் இங்கேதான்.

அப்புறம் ஒரு விசேஷம். 1996இல் த.மா.கா.வின் செல்லக்குமார். 2001இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்தபோது இங்கே தி.மு.க.வின் ஜெ. அன்பழகன். 2006இல் மு. கருணாநிதி ஆட்சிக்கு வந்தபோது அ.தி.மு.க.வின் கலைராஜன். அடுத்தடுத்து இரண்டு முறை மாநிலத்துக்கு எதிர்த்திசையில் போன தொகுதி இது. மயிலாப்பூரும் 2006இல் அப்படித்தான் எஸ்.வி. சேகரைத் தேர்ந்தெடுத்தது. எந்தக் கட்சியும் "எங்கள் கோட்டை" என்று நெஞ்சைத் தட்ட முடியாத இடம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் 2011, 2016, 2021 தேர்தல்களில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததோ அதே கட்சிதான் இங்கேயும். 2008 மறுவரையறையில் எல்லைகள் மாறியது ஒரு காரணமாக இருக்கலாம். மனிதர்கள் மாறியதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடைகள். ரங்கநாதன் தெருவில் காலை முதல் இரவு வரை நின்று வேலை பார்க்கும் பெண்களிலும் பையன்களிலும் பலருக்குத் தெற்குச் சீமையில் ஓட்டு. இங்கே குடிநீர் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் எம்.எல்.ஏ.வைக் கேட்க முடியாது. இந்தப் பக்கம் நம் மாம்பலத்தில் தனி வீடுகள் எல்லாம் ஃபிளாட்டாகிவிட்டன. பிள்ளைகள் பெங்களூர், நியூ ஜெர்ஸி, லண்டன். பட்டியலில் மட்டும் எல்லோர் பெயரும் இருக்கிறது. கோடம்பாக்கம் பக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் இருப்பவர்கள்தான் வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். வாடகை ஏறியதும் வீடு மாறிப் பட்டியலில் பெயர் விடுபட்டுப் போகிறவர்களும் அவர்கள்தான்.

போன முறை தோற்ற சத்தியநாராயணன் இந்தத் தொகுதிப் பட்டியலில் குளறுபடி என்று உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். இப்போது எஸ்.ஐ.ஆர். என்ற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடக்கிறது. இந்த மாதம் 4ஆம் தேதியிலிருந்து பி.எல்.ஓ.க்கள் என்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுக்கிறார்கள். 2002 அல்லது 2005 பட்டியலில் நம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று எழுத வேண்டும். நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு அப்போது எந்த வாக்குச்சாவடி என்றே தெரியவில்லை. நானும் அவளுமாக உட்கார்ந்து தேடி எழுதிக் கொடுத்தோம். அவள் பெயர் போய்விடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதே பிடிவாதத்தில்தான் உன்னைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தேன். நம் வீட்டுக்கு வந்த பி.எல்.ஓ. உன் பெயர் அச்சிட்ட படிவத்தையும் நீட்டினார். நீ இங்கே குடியில்லை, வெளிநாட்டுக்குப் போய்விட்டாய் என்று சொல்லிவிட்டேன். "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் உன் மாமா. நான் கேட்கவில்லை. நீ ஹெண்டனில் ஓட்டுப் போடுகிறாய். அங்கே வரி கட்டுகிறாய். 15 வாக்குகளில் முடிவாகிற தொகுதியில் உன் வாக்குக்கு முழு எடை இருக்கிறது. 137இல் முடிவாகிற தொகுதியில் ஆளில்லாத பெயர் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கு யாராவது அந்தப் பெயரில் வந்து போட்டுவிட்டால்? இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ள உனக்கு வழி உண்டு. ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். தேர்தலுக்கு வர முடியுமென்றால் சொல், உனக்கான படிவம் என்ன என்று விசாரித்து எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் செய்ததில் உனக்கு வருத்தமிருந்தால் அதையும் எழுது.

உன் தம்பி பெயரும் இங்கேயே இருக்கிறது. பெங்களூரில் ஓட்டு மாற்றிக்கொண்டானா என்று கேட்டால் போனில் சிரித்து மழுப்புகிறான். நீ கேட்டால் சொல்வான். படிவத்தை டிசம்பர் 4ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறார்கள், அதனால் இந்த வாரமே கேட்டு எழுது.

அன்புடன்,
அத்தை