ஒரு விரற்கடைப் பாய்

திருநெல்வேலி ஜங்ஷனில் சேரன்மகாதேவி பஸ் ஏறினேன். மேலச்செவல் தாண்டியதும் பக்கத்து சீட் பெரியவர் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரைக் காட்டி, "பத்து மடை இருந்த ஊரு, அதான் பத்தமடை" என்றார். ஜங்ஷனிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இறங்கியதும் முதல் வேலையாக மடைகளை எண்ணக் கிளம்பினேன். மூன்று கண்ணில் பட்டது. அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்ததால் பாயைத் தேடித் திரும்பிவிட்டேன்.

பாய்க்குப் பேர்போன ஊரில் முதல் கடை வாசலில் தொங்கியதெல்லாம் பிளாஸ்டிக் பாய். கோரைப் பாய்கள் உள்ளே சுருட்டி நின்றன. மிஷின் நெய்தது 400 ரூபாய். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய சங்கதி, 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போன கதை இரண்டையும் கடைக்காரர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு பீரோவைத் திறந்து பட்டுப் பாய் ஒன்றை எடுத்தார். ஆறடி நீளம், 6,500 ரூபாய். "தீப்பெட்டிக்குள்ள அடங்கும் சார்."

மடித்துப் பார்க்கலாமா என்று கேட்டு நானே மடித்தேன். எவ்வளவு அழுத்தியும் மடித்த வேட்டி அளவுக்குக் கீழே போகவில்லை. தீப்பெட்டி கதைதான். ஆனால் விரித்துப் பார்த்தால் மடித்த இடத்தில் கோரை ஒடியவில்லை, கோடுகூட விழவில்லை. பட்டு என்றார்களே என்று ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். பாவு வெறும் பருத்தி நூல். பட்டு மாதிரி வழுக்கியது கோரைதான். அது எப்படி என்று பார்க்காமல் ஊர் திரும்ப மனசில்லை.

நெசவு நடக்கும் வீடு இரண்டு தெரு தள்ளி. லெப்பை முஸ்லிம்கள் வீடு. திண்ணை தாண்டியதுமே ஈரக் கோரை வாசம், அறுத்துப் போட்ட புல்லும் ஆற்றுச் சேறும் கலந்த மாதிரி. தறி என்றால் கால் மிதி, கட்டை எல்லாம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே தரையோடு தரையாக இரண்டு மூங்கில், அவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டிய பாவு, நடுவில் முக்காலி மாதிரி மூன்று கம்பு. அவ்வளவுதான். லாத்தா (அக்கா) ஒருவர் குத்தவைத்து அச்சை முன்னும் பின்னும் சாய்க்க, அவர் மகள் நீளக் குச்சியின் நுனியில் கோரையை மாட்டி ஒரு பக்கமிருந்து மறு பக்கம் விடுகிறாள். அச்சு இறங்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம்.

சூட்சுமம் தறியில் இல்லை, மூலையில் இருந்தது. அங்கே ஒரு பாட்டி கத்தியோடு உட்கார்ந்திருந்தார். காய்ந்த கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, அது உப்பியதும் மறுபடி காயவைத்து எடுத்து வந்திருக்கிறார்கள். ஒரு தண்டை எடுத்து நெடுகக் கீறினார். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி சோறு. அதை வழித்துத் தூரப் போட்டார். மிஞ்சிய தோலை இரண்டாக, நாலாக, இன்னும் மெலிதாகக் கிழித்தார். அவர் கண் கோரையில் இல்லை, என் மேல் இருந்தது. கையில் விழுந்த இழை தையல் நூல் கனம்தான். நானும் ஒன்று கிழித்துப் பார்த்தேன். பாதியில் அறுந்தது. "விடுங்க தம்பி, அதுக்கு நகம் வேற மாரி வளரணும்" என்றார்.

ஒரு பாய்க்கு எத்தனை நாள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். சரி என்று, நெய்து முடித்த விளிம்பில் என் பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டு வாட்சைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். லாத்தா, "என்னத்த அளக்கியோ?" என்று சிரித்தார். கை நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் டிக்கெட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே என் ஆள்காட்டி விரல் படுத்துக்கொள்ளும் இடம் இருந்தது. ஒரு விரற்கடை.

ஆறடிக்கு 96 விரற்கடை. இரண்டு பேர் என்றால் 192 மணி நேரம். கடையில் கேட்ட 6,500-ஐ வகுத்தேன். ஆளுக்கு மணிக்கு 34 ரூபாய்கூடத் தேறவில்லை. நூல், சாயம், கடைக்காரர் லாபம், பாட்டியின் கத்தி எல்லாம் அந்தக் காசுக்குள்ளேதான். இதைச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். மகள் ஒரு நிமிஷம் குச்சியை நிறுத்திவிட்டாள்.

தறியில் இருந்தது கல்யாணப் பாய். சிவப்புக் கரையை ஒட்டி மாப்பிள்ளை பெயர் நெய்து முடிந்திருந்தது. பெண் பெயரில் இன்னும் மூன்று எழுத்து பாக்கி. நாள் நெருங்கிவிட்டதா என்றேன்.

"வர்ற வெள்ளிக்கு வேணுமாம்" என்று லாத்தா அச்சைச் சாய்த்தார். "பொண்ணு பேரு கொஞ்சம் நீளமா வச்சுட்டாவ."