பாண்டி - பெங்களூரு: ஒன்றேகால் மணியா, ஆறு மணியா?

பாண்டியிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்? வான்வழியில் சுமார் 265 கி.மீ., ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் தவளக்குப்பத்தில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

லாஸ்பேட்டை ஓடுதளம் 1500 மீட்டர்தான். பெரிய ஜெட்டுகளுக்குப் போதாது. ஏ.டி.ஆர். மாதிரி காற்றாடி வைத்த விமானங்கள்தான் வந்து போகும். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் அரை மணியில் போய்விடலாமே என்றால், தரையில் உருள்வதும் ஏறுவதும் இறங்குவதும் மீதி நேரத்தைத் தின்றுவிடும்.

சரி, வீட்டிலிருந்து கணக்குப் போடுவோம். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலைத் தாண்டி, ஊரையே குறுக்கே கடந்து லாஸ்பேட்டை போக முக்கால் மணி. அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி. பறப்பது ஒன்றேகால். இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. பெங்களூரு விமான நிலையமோ வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. வேலை தெற்கே எலக்ட்ரானிக் சிட்டியில் என்றால் இன்னும் இரண்டு மணி. மொத்தம் ஆறு!

பஸ்ஸில் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஏழெட்டு மணி ஆகும். ஆனால் ஓசூர் தாண்டியதும் முதலில் வருவதே எலக்ட்ரானிக் சிட்டிதான். பெங்களூருக்குள் நுழையாமலே இறங்கிக்கொள்ளலாம். ஆக, விமானம் மிச்சப்படுத்துவது ஒன்றரை மணியோ இரண்டு மணியோதான். (டிக்கெட் விலை வித்தியாசத்தை அந்த மணிகளால் வகுத்துப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம், மனசு கஷ்டப்படும்.)

இந்த சேவை நிலைத்ததும் இல்லை. 2013ல் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விட்டது, நின்றது. 2015ல் அலையன்ஸ் ஏர், அதுவும் சில மாதம்தான். 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தில் ஹைதராபாத் வந்தது. உடானில் பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு, நஷ்டத்துக்கு அரசு மூன்று வருடம் மானியம் தரும். மானியம் முடிந்த பிறகு நிரம்பாத இருக்கையின் செலவை யார் ஏற்பது? நிலைச்செலவு என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். 2020ல் கொரோனா, 2021ல் மறுபடி தொடக்கம், 2024 மார்ச்சில் மறுபடி நிறுத்தம். அதே வருடம் டிசம்பர் 20ந் தேதி இண்டிகோ ஆரம்பித்தது. ஓடுதளத்தை நீட்டலாம் என்றால் பக்கத்து நிலம் தமிழ்நாட்டுடையது. வேலியைத் தாண்டினால் வேறு அரசாங்கம்!

இதைவிடப் பெரிய விஷயம், எத்தனை தடவை பறக்கிறது என்பது. ராத்திரி எட்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வருகிறது, தாத்தா போய்விட்டார் என்று. விமானம் மறுநாள்தான். அதற்காகக் காத்திருந்தால் எடுத்துவிடுவார்கள். பத்து மணி பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் பாண்டி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து கடலூர் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு கி.மீ.யில் தவளக்குப்பம். தாத்தா முகத்தைப் பார்த்துவிடலாம்.