பூட்டும் போட்டு, நம்பரும் எழுதி!

ஆம்ஸ்டர்டாம் போய்வந்தேன் என்றாலே நம்ம நண்பர்கள் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். ஐயா சாமி, நான் தேடிப் போனது ஒரு பழைய வண்டி ஸ்டாண்டை!

முதலில் ஸ்பௌ சதுக்கம். 1965-ல் 'ப்ரோவோ' என்ற இளைஞர் கூட்டம் கூத்தடித்த இடம். கார்கள் ஊரைக் கெடுக்கின்றன என்று அவர்களுக்குக் கோபம். அவர்களில் ஒருவர் லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க் (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டிராம் போய்விடும்!). அவர் ஒரு யோசனை சொன்னார். சைக்கிள்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துத் தெருவில் விட்டுவிடுவோம். யாரும் எடுக்கலாம், போன இடத்திலேயே விடலாம்.

போலீஸ் சும்மா இருக்குமா? 'பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டப்படி குற்றம்' என்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. இவர்களும் விடவில்லை. நம்பர் பூட்டு வாங்கி மாட்டி, அந்த நம்பரை சைக்கிளிலேயே எழுதிவிட்டார்கள்! ரெண்டு பூட்டு போட்ட பிறகும் ராத்திரி எழுந்து பார்க்கிற எனக்கு இதைக் கேட்டதும் தலை சுற்றியது.

1967-ல் லூட் நகரசபை உறுப்பினரே ஆகிவிட்டார். வெள்ளை சைக்கிளை நகராட்சியே விடட்டும் என்று கேட்டுப் பார்த்தார். சபை கைவிரித்துவிட்டது. மனுஷர் அசரவில்லை. அடுத்து எலெக்ட்ரிக் வண்டி!

அதைத் தேடித்தான் கால்வாய்க் கரையோரமாக ஆம்ஸ்டல்வெல்ட் போனேன். மரத்தால் கட்டிய சர்ச், நிழல், நாலு பெஞ்ச். 1974 மார்ச் 21-ல் 'விட்கார்' என்ற வெள்ளை வண்டிக்கு முதல் ஸ்டாண்டை இங்கேதான் ஒரு பெண் மந்திரி திறந்து வைத்தார். மூணு சக்கரம், ரெண்டு சீட், பேட்டரி, 30 கி.மீ. வேகம். போட்டோவில் பார்த்தால் டெலிபோன் பூத்துக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும்.

பெஞ்சில் ஒரு பெரியவர். பேச்சுக் கொடுத்தேன்.

"நானும் அதுல மெம்பர்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதலாளி கிடையாது. மெம்பர்களே சேர்ந்து நடத்தின சங்கம்."

மெம்பருக்கு ஒரு சாவி. ஸ்டாண்டில் அதைப் போட்டு, போகிற இடத்தைச் சொல்லணும். அங்கே நிறுத்த இடம் இருக்கா என்று கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு வண்டியைத் தரும். 1974-ல், கம்ப்யூட்டர்! நம்மூர் வாடகை சைக்கிளை எடுத்த கடைக்கே திருப்பிக் கொண்டு வரணும். இதைப் போன இடத்து ஸ்டாண்டில் விட்டுவிடலாம். நிற்கும்போதே சார்ஜும் ஏறிக்கொள்ளும்.

"அப்புறம் ஏன் சார் படுத்துடுச்சு?"

"இருந்தது அஞ்சு ஸ்டாண்டு, 35 வண்டி. எல்லாரும் ஒரே பக்கம் போனா அங்கே இடம் இருக்காது, இங்கே வண்டி இருக்காது. ஸ்டாண்டு பெருகியிருக்கணும். அதுக்கு ஊர் கைகொடுக்கலை." கொஞ்சம் நிறுத்தினார். "நான் மட்டும் என்ன? நாலு நாள் வண்டி கிடைக்கலை. அஞ்சாம் நாள் சொந்தக் கார் வாங்கிட்டேன். அது இன்னிக்கும் உறுத்துது."

1986-ல் விட்கார் நின்றுபோனது. யோசனை நிற்கவில்லை. டென்மார்க்காரர்கள் லூட்டிடம் உதவி கேட்டு வந்தார்கள். 1995-ல் கோபன்ஹேகனில் காசு போட்டு எடுக்கும் பொது சைக்கிள் ஓடியது. 2007-ல் பாரிஸ். 2011-ல் ஒரு ஜெர்மன் கம்பெனி இதே ஆம்ஸ்டர்டாமில் 300 எலெக்ட்ரிக் கார்களை ஊருக்குப் பொதுவாக இறக்கியது!

வெளியார் யோசனையை உள்ளே விடு, உன் யோசனையை வெளியே விடு என்பதற்கு 'ஓப்பன் இன்னோவேஷன்' என்று பெயர் வைத்து, 2003-ல் ஹென்றி செஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் புத்தகமே போட்டார். இந்த ஊர்ப் பையன்கள் அதை 1965-லேயே சைக்கிளில் எழுதிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் திறக்கட்டும் என்று!

பெரியவர் எழுந்தார். மரத்தடியில் அவருடைய சைக்கிள். அதற்குத் தடித்தடியாக ரெண்டு சங்கிலி.

"நம்பர் எழுதலையா சார்?" என்றேன்.

"எழுதறதாவது! ஏற்கெனவே மூணு சைக்கிள் போயிடுச்சு" என்று சிரித்தபடி சாவியைத் தேடினார்.